சர்க்கரைத் தீவுகளும் ரப்பர் நதியும்

கரை கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே கடலின் நிறம் மாறிவிடுகிறது. கருநீலமாக இருந்த அட்லாண்டிக் மெல்லப் பச்சையாகி, பிறகு செம்மண் கரைத்த நிறத்துக்கு வந்துவிடும். மேல்தளத்தில் நிற்பவருக்கு எந்தத் திசையிலும் நிலம் தெரியாது. ஆனால் கப்பலுக்குக் கீழே ஓடுவது ஆற்றுத் தண்ணீர். 1500-ஆம் ஆண்டில் இந்தப் பக்கம் வந்த ஸ்பெயின் மாலுமி விசெந்தே யானெஸ் பின்சோன், நடுக்கடலில் நீர் உப்பில்லாமல் இருப்பதைக் கண்டு வியந்து அதற்கு 'நன்னீர்க் கடல்' என்று பெயரிட்டார். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமேசானுடையது. விநாடிக்குச் சுமார் 70 லட்சம் கன அடி.

இத்தனை பெரிய ஆறு என்பதால்தான் கடலில் ஓடும் பயணிகள் கப்பல் அப்படியே உள்ளே நுழைந்து, கடற்கரையிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, காட்டின் நடுவே இருக்கும் மனாவுஸ் நகரம் வரை போக முடிகிறது. வடகோளக் குளிர்காலம் வந்ததும் சில கப்பல்கள் இந்தப் பாதைக்கு வருகின்றன. கரீபியன் கடலில் பார்படோஸ் தீவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக், குவாதலூப், திரினிதாத் என்று தீவு தீவாக இறங்கி, பிரெஞ்சு கயானாவின் பழைய சிறைத்தீவுகளில் நின்று, பிறகு ஆற்றுக்குள் திரும்பும். விளம்பரப் புத்தகங்களில் இந்தப் பயணம் வெண்மணலும் கிளிகளுமாகத்தான் அச்சாகிறது. அவை அங்கே இருப்பதும் உண்மைதான். ஆனால் உலகத்தின் சர்க்கரையும் ரப்பரும் எப்படி வந்தன, அவற்றுக்காக யார் யாரை எங்கே கொண்டுபோய் இறக்கினார்கள் என்பதை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கக் கிடைக்கும் கடல்பாதை வேறில்லை. தமிழர்களுக்கு இந்தப் பாதையின் இரண்டு முனைகளோடும் உறவு இருக்கிறது.

பார்படோசின் பரப்பு 430 சதுர கிலோமீட்டர் சொச்சம். 1627-இல் ஆங்கிலேயர் குடியேறியபோது தீவு முழுவதும் காடு. 1640-களில் கரும்பு வந்தது. கரும்பை ஆட்டிக் காய்ச்சும் நுணுக்கத்தைத் தோட்டக்காரர்கள் பிரேசிலில் இருந்து கற்றுவந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் காடு போய்விட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களை உடைமைப் பொருளாக நடத்துவதற்கு 1661-இல் இங்கே எழுதிய சட்டத்தைத்தான் மற்ற ஆங்கிலேயக் குடியேற்றங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டன. தலைநகர் பிரிட்ஜ்டவுனின் பழைய நகரமும் படைமுகாமும் 2011 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. 2021 நவம்பர் 30 அன்று பிரிட்டிஷ் அரசியை நாட்டுத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டு இந்தத் தீவு குடியரசானது. கப்பலேறும் அவசரத்தில் கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு மணி நேரமாவது அந்தப் பழைய தெருக்களில் நடக்க வேண்டும்.

மார்த்தினிக் வேறு மாதிரி. மலை, மழை, எரிமலை. கப்பல் ஃபோர்-த-ஃபிரான்ஸ் துறைமுகத்தில் நின்றாலும், பார்க்க வேண்டிய ஊர் வடமேற்கே இருக்கும் சேன் பியேர். கரீபியனின் பாரிஸ் என்று பெயரெடுத்த ஊர் அது. நாடக அரங்கு, ரம் வணிகம், விளக்குத் தெருக்கள் எல்லாம் இருந்தன. 1902 மே 8 காலை எட்டு மணியளவில் பெலே மலை வெடித்தது. எரிகுழம்பு வழிந்து வரவில்லை. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் மேகமாகத் திரண்டு சில நிமிடங்களில் ஊரை மூடிவிட்டது. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர். கல்லால் கட்டிய தடித்த சிறை அறைக்குள் அடைபட்டிருந்த சிபாரிஸ் என்ற கைதி தப்பிப் பிழைத்தார். பின்னாளில் அமெரிக்க சர்க்கஸ் ஒன்று அவரை ஊர் ஊராகக் காட்சிக்கு அழைத்துச் சென்றது. அந்த அறை இன்றும் இருக்கிறது. குனிந்து உள்ளே பார்க்கலாம். பக்கத்திலேயே அரங்கின் படிக்கட்டுகள் கூரையில்லாமல் கிடக்கின்றன.

அந்த மலையைச் சுற்றிக்கொண்டு வடக்கே போனால் பாஸ்-புவாந்த் வரும். கவிஞர் எமே செசேர் 1913-இல் பிறந்த ஊர். அங்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவே மாரியம்மனுக்குக் கோவில் இருக்கிறது.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பழைய எசமானர்களின் கரும்புக் காட்டில் இறங்க விரும்பவில்லை. தோட்டக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் பார்வையைத் திருப்பினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், திரும்பிவரக் கப்பல் செலவு உண்டு என்ற வாக்குறுதி, கைநாட்டு. 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், பிறகு 1854 டிசம்பர் இறுதியில் குவாதலூப்பிலும் முதல் ஆட்களை இறக்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதக் கடல்வழி அது. 1880-கள் முடிவதற்குள் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்கு 42,000-க்கு மேற்பட்டவர்களும் இப்படி வந்தார்கள். பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பக் கிடைக்காதவர்கள் ஏராளம். வந்த இடத்தில் நோயிலும் வேலையிலும் மாண்டவர்களும் ஏராளம்.

மொழி சில தலைமுறைகளில் போய்விட்டது. பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல் என்றானபின் தமிழுக்கு இடமில்லை. ஆனால் சாமி போகவில்லை. மாரியம்மன் அங்கே 'மரியேமன்' ஆகவும், மதுரை வீரன் 'மல்தெவிலென்' ஆகவும் வாழ்கிறார்கள். தப்பும் மத்தளமும் முழங்குகின்றன. பூசாரி கூர்மையான கத்தியின் மேல் ஏறி நின்று அருள்வாக்குச் சொல்கிறார். கடா வெட்டு நடக்கிறது. பொருள் தெரியாமலே செவிவழியாக வந்த தமிழ்ப் பாட்டைப் பாடுகிறார்கள். இவற்றோடு நாகூர் மீரானுக்கும் கம்பம் நட்டுக் கொடியேற்றுகிறார்கள். நாகூர் ஆண்டவரைக் கடல் கடப்பவர்களின் காவலராகச் சோழமண்டலக் கரையில் எல்லா மதத்தாரும் வேண்டிக்கொள்வது பழைய வழக்கம். அந்த நேர்த்தி அலைகளைத் தாண்டி வந்து இந்துக் கோவில் வாசலிலேயே நிற்பதைப் பார்க்க, குவாதலூப் வரை போவது வீணல்ல.

குவாதலூப்பில் கபெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரருகே பெருஞ்சாலை ஓரத்தில் சாங்கி கோவிலின் வண்ணக் கோபுரம் தெரியும். அதே ஊரில் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம் (1863–1952). இந்தியர் வழிவந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904-இல் வழக்காடத் தொடங்கி, 1923-இல் அது கிடைக்கும்வரை விடாமல் நின்றவர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் 'கொலொம்போ' என்ற குழம்பு வரும். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, வறுத்த அரிசி சேர்த்து அரைத்த பொடியில் ஆட்டுக்கறியைப் போட்டு வேகவைத்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுவந்த இந்தச் சமையல்தான் இன்று நிறம் பார்க்காமல் எல்லா வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. பெண்கள் திருவிழா நாளில் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்கு 'மதராஸ்' என்றே பெயர். அது கூலிக் கப்பல்களுக்கு முன்பே வணிகக் கப்பல்களில் சென்னைப்பட்டினத்துத் தறிகளிலிருந்து போய்ச் சேர்ந்த துணி.

திரினிதாத்தில் கப்பல் ஒரு பகல் நிற்கும். 1845 மே 30 அன்று 'ஃபத்தேல் ரசாக்' கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த நாள் அங்கே அரசு விடுமுறை. வந்தவர்களில் பெரும்பாலோர் போஜ்புரி பேசியவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் சிறு தொகை. மாலையில் கரோனி சதுப்பு நிலத்துக்குப் படகில் போனால், செக்கச் சிவந்த அரிவாள்மூக்கன் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கண்டல் மரங்களில் வந்து அடைவதைப் பார்க்கலாம். பச்சை மரம் பத்து நிமிடத்தில் சிவப்பாகிவிடும்.

அடுத்த நிறுத்தம் பிரெஞ்சு கயானாவின் கூரூ கரைக்கு எதிரே கடலில் இருக்கும் மூன்று தீவுகள். 1760-களில் ஃபிரான்ஸ் ஆயிரக்கணக்கானோரைத் திட்டமில்லாமல் கூரூவில் குடியேற்றியது. காய்ச்சலில் பெரும்பாலோர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் கொசு இல்லாத இந்தத் தீவுகளுக்கு ஓடிவந்து பிழைத்தார்கள். 1852-க்குப் பிறகு அதே தீவுகள் தண்டனைக் குடியேற்றத்தின் பகுதியாயின. கயானாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகள் சுமார் 70,000 பேர். செய்யாத குற்றத்துக்காக ராணுவ அதிகாரி ஆல்ஃபிரட் டிரைஃபஸ் 1895 முதல் 1899 வரை, மூன்றில் சிறியதான பேய்த்தீவில் தனியாக அடைபட்டிருந்தார். அங்கே இறங்க அனுமதி இல்லை. பயணிகள் இறங்குவது பெரிய தீவான ருவாயாலில். நடுவில் ஓடும் கடல் சின்னதுதான், ஆனால் நீரோட்டம் ஆளை இழுத்துப் போகும். மறுகரையில் தென்னைகளுக்கு நடுவே டிரைஃபசின் குடிசை தெரிகிறது. ருவாயாலில் இடிந்த அறைகளுக்குள் மர வேர்கள் இறங்கிவிட்டன. கடைசிக் கைதிகள் 1953-இல்தான் போனார்கள்.

எதிர்க்கரையில் கூரூ இன்று ஐரோப்பாவின் ராக்கெட் ஏவுதளம். நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கில் இருப்பதால் பூமியின் சுழற்சி வேகம் ராக்கெட்டுக்கு அங்கே கூடுதலாக உதவுகிறது. இந்தியாவின் முதல் புவிநிலைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளான 'ஆப்பிள்' 1981 ஜூன் 19 அன்று இங்கிருந்துதான் ஏரியன் ராக்கெட்டில் சென்றது. பிறகு இன்சாட் வரிசையில் பல, இதே வானத்தில் ஏறிப் போயின. ஆயிரமாயிரம் பேரைப் புதைத்த கரையில் இவ்வளவு துல்லியமான வேலை நடக்கிறது.

இதற்குப் பின் வருவதுதான் அந்தச் செம்மண் கடல்.

ஆற்றின் வாயில் வண்டல் மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று கப்பல் தரைதட்டும். அதனால் நிலநடுக்கோட்டின் மீதே அமைந்த மக்காப்பா நகருக்கு அருகில் உள்ளூர் வழிகாட்டி மாலுமிகள் ஏறிக்கொள்வார்கள். மனாவுஸ் போகும்வரை முறைவைத்துக் கப்பலை நடத்துவது அவர்கள்தான். மக்காப்பாவில் ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது. அதன் நடுக்கோடு நிலநடுக்கோட்டை ஒட்டிப் போடப்பட்டது. ஒரு அணி வடகோளத்திலும் இன்னொன்று தென்கோளத்திலும் நின்று ஆட்டத்தைத் தொடங்கும். முகத்துவாரத்தில் கிடக்கும் மராஜோ தீவு மட்டும் ஏறத்தாழ சுவிட்சர்லாந்து அளவு. அங்கே சேற்றில் குதிரையால் ஓட முடியாது என்பதால் காவலர்கள் எருமை மேல் ரோந்து போகிறார்கள்.

ஆற்றுக்குள் நுழைந்ததும் இருபக்கமும் காடு தலைக்கு மேல் கவியும், கிளைகளில் சிறுத்தை படுத்திருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் முதல் நாள் சற்று ஏமாந்துபோவார்கள். பல இடங்களில் கரை பச்சைக் கோடாகத்தான் தெரிகிறது. நதி அவ்வளவு அகலம். ஒபிதோஸ் என்ற இடத்தில்தான் அது சுருங்குகிறது. அங்கேயும் அகலம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். கடலின் ஏற்ற இறக்கம் அந்த ஊர் வரைக்கும் உணரப்படுகிறது. தரை அத்தனை சமதளம். ஆற்றின் முதன்மைத் தண்டின் குறுக்கே இன்றுவரை ஒரு பாலம்கூட இல்லை.

கரையருகே போகும்போது வேறொன்று கண்ணில் படும். மரக்கால்கள் மேல் நிற்கும் வீடு, வாசலில் கட்டிய ஓடம், அதற்குப் பின்னால் திமிலோடு வெள்ளை மாடுகள். 'நெலோரே' என்று பிரேசிலியர் சொல்லும் இந்த இனம் நெல்லூர், ஓங்கோல் பக்கத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டிலும் மறுபடி 1960-களிலும் கொண்டுபோன மாடுகளின் வாரிசு. வெயிலும் உண்ணியும் தாங்கும். இன்று பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி இதுவே. அமேசான் காடு அழிவதற்கு முதல் காரணமும் மேய்ச்சல் நிலம்தான். நம்மிடம் ஏர் உழுத மாட்டின் பேரப்பிள்ளைகளுக்காக அங்கே காடு எரிகிறது என்பது மனத்தை அறுக்கும் உண்மை.

பிறகு சந்தரேம். தெளிந்த நீலப்பச்சை நிறத்தில் வரும் தபஜோஸ் ஆறு, சேற்று நிற அமேசானுடன் ஊருக்கு எதிரிலேயே சேர்கிறது. துறைமுகத்தில் ஒருபக்கம் சோயா ஏற்றும் பெருங்கப்பல்கள், இன்னொரு பக்கம் வரிசையாகத் தூளிகள் கட்டிய மூன்றடுக்குப் பயணிகள் படகுகள். சாலையில் அரை மணி தூரத்தில் இருக்கும் அல்தேர் தோ ஷாவோ என்ற ஊரில் ஆற்றோரம் வெண்மணல் பரந்து கிடக்கும். தண்ணீர் ஏறும் மாதங்களில் அது முழுகிவிடும். தெருவோரத்தில் 'தக்கக்கா' விற்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கைப் பிழிந்து நஞ்சு போகக் காய்ச்சிய மஞ்சள் சாறு, உலர்ந்த இறால், நாக்கை மரக்கவைக்கும் ஒரு கீரை ஆகியவை அதில் சேரும். மரவள்ளியும் முந்திரியும் அன்னாசியும் தென்னமெரிக்கா நமக்குக் கொடுத்தவை. அந்தக் கடனை நாவால் உணர இந்தச் சந்தை நல்ல இடம்.

அங்கிருந்து போன இன்னொரு விதையின் கதையைச் சொல்லாமல் சந்தரேமைத் தாண்ட முடியாது. ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் இந்த ஊர்ப் பக்கத்தில் குடியிருந்தார். 1876-இல் தபஜோஸ் கரைக் காடுகளில் சுமார் 70,000 ரப்பர் விதைகளைச் சேர்த்துக் கப்பலேற்றி லண்டனின் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். எண்ணெய்ப்பசை உள்ள விதை, சீக்கிரம் கெட்டுவிடும். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதியைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹா அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் அவை வேர்பிடித்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை அங்கே ஹென்றி ரிட்லி 1890-களில் செம்மைப்படுத்தினார். மலாயாவில் காடு தோட்டமானது. தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தார்கள்.

மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் சீவியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். குமரி மாவட்டத்தில் இன்று பால்வெட்டுக்குப் போகிறவர் தொடும் மரமும் இதே தபஜோஸ் வம்சம். 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பரின் அளவு அமேசான் காட்டு ரப்பரை மிஞ்சியது. அத்துடன் அமேசானின் பொற்காலம் சரிந்தது. ஆங்கிலேய அரசு 1920-இல் விக்கமுக்கு 'சர்' பட்டம் கொடுத்தது.

ஆசியாவில் செழித்த அதே மரத்தை அமேசானிலேயே தோட்டமாக வளர்க்க முடியாதா? அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு அப்படித்தான் நினைத்தார். 1928-இல் தபஜோஸ் கரையில் 'ஃபோர்டுலாந்தியா' என்ற ஊரையே எழுப்பினார். அமெரிக்க மாதிரி வீடுகள், மருத்துவமனை, தண்ணீர்த் தொட்டி, மது கூடாது என்ற விதி. 1930-இல் சாப்பாட்டு அறையில் மூண்ட தகராறில் தொழிலாளர்கள் கொந்தளித்து ஊரை அடித்து நொறுக்கினார்கள். அதைவிடப் பெரிய எதிரி ஒரு பூஞ்சை. இலைக் கருகல் நோயைப் பரப்பும் அது தென்னமெரிக்கக் காட்டின் பிறவிக் குடி. காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித் தனியாக நிற்பதால் நோய் தாவ முடியாது. நெருக்கி நட்டவுடன் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவித் தோட்டமே மொட்டையாகிவிட்டது. ஆசியாவுக்கு விதைதான் போனது, பூஞ்சை போகவில்லை. அங்கே தோட்டம் பிழைத்ததற்குக் காரணம் அதுவே. ஃபோர்டு நிறுவனம் 1945-இல் ஏறத்தாழ 2 கோடி டாலர் நஷ்டத்தோடு நிலத்தைப் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டது. ஹென்றி ஃபோர்டு ஒருநாள்கூட அங்கே கால்வைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி இன்னும் நிற்கிறது.

சந்தரேமுக்கும் மனாவுசுக்கும் நடுவே போக்கா தா வலேரியா என்ற சிற்றூரில் பல கப்பல்கள் நங்கூரமிடுகின்றன. ஆற்றங்கரையில் ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், சில வீடுகள். கப்பல் வரும் நாளில் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் எல்லாம் அங்கே கூடிவிடும். சிறுவர்கள் தேவாங்கு போல மெல்ல நகரும் ஸ்லாத் என்ற விலங்கையும் கிளியையும் கையில் ஏந்தி நிற்பார்கள். படமெடுத்துக்கொண்டு ஒரு டாலர் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் குழந்தைகளுக்குக் காசு தேவை என்பது மெய். ஆனால் கைமாறிக் கைமாறி நாள் முழுக்க வெயிலில் தூக்கப்படும் ஸ்லாத் அதிக நாள் தாங்காது. காட்டில் பிடிபடுவதே பயணிகள் கேட்பதால்தான். அந்த ஊரில் காசு செலவழிக்க மரச்செதுக்குகளும் விதை மாலைகளும் ஓடச் சவாரியும் இருக்கின்றன. கொடுப்பதை அவற்றுக்குக் கொடுக்கலாம்.

மனாவுசை நெருங்கும்போது பயணிகள் எல்லோரும் ஒரே பக்கத் தளத்துக்கு ஓடுவார்கள். கட்டஞ்சாயா நிறத்தில் வரும் ரியோ நெக்ரோவும், சேற்று நிறச் சோலிமோயிசும் ஒரே படுகையில் சேர்ந்தும் சுமார் 6 கிலோமீட்டர் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. கறுப்பு ஆறு மெல்லப் போகிறது, வெதுவெதுப்பானது, வண்டல் இல்லாதது. மற்றது வேகமானது, குளிர்ந்தது, ஆண்டீஸ் மலையின் மண்ணைச் சுமந்து வருவது. வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறுவேறு என்பதால் கலக்க நேரம் பிடிக்கிறது. ரியோ நெக்ரோவின் கறுப்பு, காட்டில் உதிர்ந்த இலைகள் ஊறிய சாறு. அந்த அமில நீரில் கொசுப் புழு அதிகம் வளராது. கரைவாசிகளுக்கு அது பெரிய நிம்மதி.

இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மனாவுசில் முதலில் பார்க்க வேண்டியது அமேசோனாஸ் நாடக அரங்கு. 1896 டிசம்பர் 31 அன்று திறந்தார்கள். பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது, இரும்பு கிளாஸ்கோவிலிருந்து, குவிமாடத்தின் 36,000 வண்ண ஓடுகள் அல்சாஸ் பகுதியிலிருந்து. நிகழ்ச்சி நடக்கையில் வண்டிச் சத்தம் கேட்காமலிருக்க முன்வாசல் தரையில் ரப்பர் கலந்து பாவினார்கள். இதற்கெல்லாம் பணம் கொடுத்த ரப்பர், கடனில் கட்டிப்போட்ட காட்டுத் தொழிலாளர்களின் கையிலிருந்து வந்தது. மேலாற்றில் புதுமாயோ பகுதியில் விதோதோ முதலிய பழங்குடியினரை அடித்தும் பட்டினிபோட்டும் கொன்று ரப்பர் வாங்கியதை ரோஜர் கேஸ்மென்ட் 1910-இல் நேரில் விசாரித்தார். அவர் அறிக்கை 1912-இல் வெளியாகி லண்டனை உலுக்கியது. காட்டைக் காட்டாகவே வைத்துப் பாலெடுத்துப் பிழைக்கும் உரிமைக்காகப் போராடிய ரப்பர் தொழிலாளி சிக்கோ மெந்தேசை 1988 டிசம்பர் 22 அன்று அவர் வீட்டுப் பின்வாசலில் சுட்டுக்கொன்றார்கள். அரங்கின் நாற்காலிகளில் உட்கார்ந்து மேற்கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்க்கும்போது இவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

துறைமுகச் சுவரில் ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது என்று கோடு போட்டு ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள். ஆறு ஜூனில் உச்சிக்கு ஏறி அக்டோபர், நவம்பரில் இறங்கும். இடைவெளி பத்து மீட்டருக்கு மேல். அதனால்தான் இங்கே படகுத்துறையே மிதக்கிறது. 2021 ஜூனில் நீர்மட்டம் 30 மீட்டரைத் தாண்டியது. அதுவரை காணாத வெள்ளம். இரண்டே ஆண்டில், 2023 அக்டோபரில் 13 மீட்டருக்கும் கீழே போனது. 2024 வறட்சி அதையும் முறியடித்து இன்னும் இறங்கியது. 2023-இல் தெஃபே ஏரியில் தண்ணீர் 39 பாகைக்குச் சூடேறி நூற்றுக்கு மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் செத்து மிதந்தன. மனாவுஸ் அருகே ஆற்றடியில் முழுகிக் கிடந்த பாறைகள் வெளிவந்து, பழங்குடியினர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய மனித முகங்கள் தெரிந்தன. தூளிப் படகுகளை நம்பி வாழும் ஊர்களுக்கு மருந்தும் குடிநீரும் போகவில்லை. மக்காப்பாவிலிருந்து மனாவுஸ் வரை கப்பலில் வந்தவர், தண்ணீரே சாலையாக உள்ள நாட்டில் தண்ணீர் வற்றினால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வார்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெருங்கப்பல்கள் பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள்தான் ஆற்றுக்குள் வருகின்றன. கப்பல் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் மனாவுசுக்கு விமானத்தில் போய், ஒரு தூளி வாங்கிக்கொண்டு, உள்ளூர்க்காரர்களோடு படகில் நான்கைந்து நாளில் பெலேம் வரை இறங்கலாம். நதி இன்னும் பக்கத்தில் தெரியும். குவாதலூப்பில் ஒரு நாள் கிடைத்தால் கடற்கரையை விட்டுவிட்டுச் சாங்கி கோவிலுக்குப் போங்கள். எதைச் செய்தாலும், கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ வேறு அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பிரெஞ்சு கயானாவுக்குள் நுழைய முடியாது. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போது இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.